நாற்றுக் கணக்கு

கல்கரிக் கடைகளில் வாங்கும் தக்காளி விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் '55 நாட்கள்' என்றோ '60 நாட்கள்' என்றோ அச்சிட்டிருப்பார்கள். அல்பேர்ட்டாவில் தோட்டம் செய்பவர்கள் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். இங்கே வசந்தத்தின் கடைசி உறைபனி சராசரியாக மே மாதக் கடைசியை ஒட்டி விழும். முதல் உறைபனி செப்ரெம்பர் நடுப்பகுதியில் திரும்பவும் வந்துவிடும். இடையில் கிடைப்பது ஏறத்தாழ 110 நாட்கள். அதில் 55 போனால் பாதி மிச்சம் என்று எவருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த 55 நாட்கள் விதை போட்ட நாளிலிருந்து எண்ணப்படுபவை அல்ல. நாற்றை வெளியே தோட்டத்தில் நட்ட நாளிலிருந்து எண்ணப்படுபவை. போஞ்சி, பட்டாணி, கரட் போல நேரே மண்ணில் விதைப்பவற்றுக்கு விதைத்த நாளே முதல் நாள். தக்காளிக்கோ அதற்கு முன் ஆறு முதல் எட்டு வாரங்கள் இருக்கின்றன. மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டு, பத்து வாரங்கள். அந்த வாரங்களில் ஒருவர் வீட்டுக்குள் தட்டுகளில் விதை போட்டு, விளக்கு வெளிச்சத்தில் முளைக்க வைத்து, தினமும் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட்டு, பெரிய சட்டிக்கு மாற்றி, கடைசிப் பத்து நாட்கள் நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே தூக்கிவந்து குளிருக்குப் பழக்கியிருக்க வேண்டும். பொட்டலத்தில் அந்த வாரங்களுக்கு எண் கிடையாது.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் அம்மா. அவர் எழுபதுகளில் இருக்கிறார். அவரைப் பற்றியும், எங்கள் பின்வளவைப் பற்றியும், ஒருநாள் ஒரு கையெழுத்தை மறுத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

*

நான் 1997இல் கல்கரிக்கு வந்தேன். அம்மா 2011இல் வந்தார். அவரைக் கூப்பிடுவதற்கு, பத்து ஆண்டுகளுக்கு அவருடைய செலவுக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்திட்டேன். முதியோர் ஓய்வூதியத்துக்கும் பத்து ஆண்டு வதிவிடம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு வளவையும் கிணற்றையும் நான்கு பிள்ளைகளையும் தனியே நடத்திய பெண், விமான நிலையத்தில் இறங்கிய நாளில் 'தங்கியிருப்பவர்' ஆனார். பேரப்பிள்ளைகளைப் பார்த்தார், சமைத்தார், உடுப்பு மடித்தார். வருமானம் எவ்வளவு என்று கேட்கும் எந்தப் படிவத்திலும் பூச்சியம்.

முதல் வசந்தத்தில் பின்வளவு மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, கையிலை பசை மாதிரி ஒட்டுது? எங்கட செம்மண்ணை நினைச்சுக்கொண்டு இதிலை வைச்சால் வேர் மூச்சுவிடாது" என்றார். அவர் சொன்னது சரி. கல்கரி மண் பெரும்பாலும் களி, காரத்தன்மை கூடியது. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. யூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். ஆனாலும் யூலை இரவுகளிலும் பத்துப் பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரும். இரவு அப்படிக் குளிர்ந்தால் தக்காளிப் பூ காய்க்காமலே கொட்டும். வெளிச்சம் நிறைய, சூடு குறைவு என்பதுதான் இந்த ஊரின் சிக்கல். இங்கே வேலையெல்லாம் சூட்டைச் சேமிப்பதைப் பற்றியது.

இரண்டு ஆண்டுகள் அம்மாவும் நானும் அந்த மண்ணோடு மல்லுக்கட்டினோம். விழுந்த இலை, சமையலறைக் கழிவு, வெட்டிய புல் எல்லாவற்றையும் கூட்டெருவாக்கிக் களியில் கலந்தோம். பாத்திகளை ஒரு சாண் உயர்த்தினோம். உயர்த்திய பாத்தி தண்ணீரை வடியவிடும், வசந்தத்தில் சீக்கிரம் சூடாகும். ஏப்ரலில் பாத்தியின்மேல் தெளிந்த பொலித்தீனை விரித்து ஓரங்களில் கல் வைத்தால், இரண்டு கிழமையில் மண்ணின் குளிர் விட்டுவிடும்.

நாங்கள் பழகிக்கொண்ட ஒழுங்கு இதுதான். மார்ச் முதல் கிழமையில் மிளகாயும் கத்தரியும் தட்டில். மார்ச் நடுவிலிருந்து கடைசிக்குள் தக்காளி. ஏப்ரல் கடைசியில், இன்னும் இரவில் உறையும்போதே, பட்டாணி, கீரை, முள்ளங்கி, அகலப் போஞ்சி நேரே மண்ணில். இவை பனிக்குப் பயப்படாதவை. மே நடுவில் உருளைக்கிழங்கு, கரட், பீட்ரூட், கேல் கீரை. யூன் பிறந்த பிறகுதான் போஞ்சியும் பூசணி வகையும், ஏனென்றால் மண் குளிர்ந்திருந்தால் அந்த விதைகள் முளைக்காமல் அழுகும். தக்காளிக்கு வீட்டின் தெற்குச் சுவர். பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் அடித்தளம் இரவில் சூட்டைத் திருப்பித் தரும். நாற்றுகளைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய போத்தல்களை வைப்போம், அதுவும் அதே வேலையைச் செய்யும். பனி அறிவித்த இரவுகளில் மெல்லிய வெள்ளைத் துணி. அது இரண்டு மூன்று பாகை காப்பாற்றும். செப்ரெம்பரில் அந்த இரண்டு மூன்று பாகையால் இன்னும் இரண்டு கிழமை அறுவடை கிடைக்கும்.

பாகலும் பயித்தையும் இங்கே வெளியில் வராது. அம்மா அதற்காகக் கவலைப்பட்டது ஒரே ஒரு கோடைதான். அடுத்த ஆண்டு கேல் கீரையை அரிந்து தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினார். முதல் உறைபனிக்குப் பிறகு அந்தக் கீரையும் கரட்டும் இனிப்பது அவருக்குப் பெரிய அதிசயம். செடி உறைந்துபோகாமலிருக்கத் தன் மாப்பொருளைச் சீனியாக்கிக்கொள்கிறது. "குளிர் பட்டாத்தான் ருசி வருது" என்று அயலாருக்கெல்லாம் ஒரு பை கொடுத்தனுப்பினார்.

*

யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் ஆணின் தொழில். கமக்காரன், தோட்டக்காரன். வெங்காயம் நட்டதும் களை பிடுங்கியதும் மிளகாய் ஆய்ந்து காயவைத்ததும் பெண்கள். கூலிக்கு வந்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி. வீட்டுப் பெண்களுக்கு அதுவும் இல்லை. மாதவிலக்கு நாட்களில் அம்மா மிளகாய்ப் பாத்திக்குள் இறங்கக் கூடாது, செடி வாடிவிடும் என்பார் அப்பம்மா. மற்ற இருபத்தைந்து நாளும் அதே கைதான் அந்தச் செடிக்குத் தண்ணீர் கட்டியது என்பதை யாரும் பேசவில்லை. கல்கரியில் என் மகள் பூப்பெய்திய கோடையில், அம்மா அவளைக் கூட்டிக்கொண்டுபோய்த் தக்காளிக்குப் பந்தல் கட்ட வைத்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்குச் சீதனமாக வந்த நான்கு பரப்புக் காணி ஒன்று இருந்தது. உறுதி அவர் பெயரில். 1992இல் அண்ணனை வெளியே அனுப்பக் காசு தேவைப்பட்டபோது அதில் இரண்டு பரப்பை விற்க நினைத்தார். தேசவழமைச் சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்போது ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியிடம் கேட்க வேண்டியதில்லை. அப்பா அப்போது கொழும்பில் வேலையில். பாதை மூடியிருந்த காலம். தன் பெயரிலுள்ள தன் காணிக்கு ஒரு கையெழுத்து வந்து சேர அம்மா நான்கு மாதம் காத்திருந்தார்.

*

நான் தோட்டம் செய்யும் இந்த நிலத்துக்கும் ஒரு கையெழுத்துக் கதை இருக்கிறது. 1877இல் சிக்சிகா, கைனாய், பிகானி, சுட்டினா, ஸ்ரோனி நக்கோடா மக்களோடு செய்த ஏழாம் ஒப்பந்தத்தின் வழியே தெற்கு அல்பேர்ட்டா நிலத்தைக் கனடிய அரசு தனதென்று எடுத்துக்கொண்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1872இல், மேற்குப் புல்வெளி நிலங்களைக் குடியேறிகளுக்குப் பங்கிடும் சட்டம் வந்துவிட்டது. பத்து டொலர் பதிவுக் கட்டணம் கட்டினால் ஓர் ஆணுக்கு 160 ஏக்கர். 1876இன் திருத்தத்துக்குப் பிறகு குடும்பத்துக்குத் தானே தலைவியாக இருக்கும் பெண்ணுக்கு மட்டுமே அந்த உரிமை. நடைமுறையில் பிள்ளைகளோடு விதவையாகியிருக்க வேண்டும். தனித்த பெண்ணுக்கும் மணமான பெண்ணுக்கும் இல்லை. ஜோர்ஜினா பின்னி-கிளார்க் என்ற ஆங்கிலேயப் பெண் 1905இல் சஸ்காச்சுவானில் தன் சொந்தப் பணத்தில் பண்ணை வாங்கிக் கோதுமை விளைவித்தார். பக்கத்துப் பண்ணை ஆண்களுக்கு இலவசமாகக் கிடைத்த நிலத்துக்கு ஒப்பான நிலத்துக்குத் தான் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டு 1914இல் 'கோதுமையும் பெண்ணும்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய கேள்வி நியாயமானது. அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்பது அதற்கு முந்திய கேள்வி. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, எனக்கும்.

ஐரின் மேர்டொக் என்ற பெண்ணின் வழக்கை அல்பேர்ட்டாவில் சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும். மாட்டுப் பண்ணையில் இருபத்தைந்து ஆண்டு மணவாழ்க்கை. கணவர் ஆண்டில் ஐந்து மாதம் வரை வேறு வேலைக்காக வெளியே இருப்பார். வைக்கோல் வெட்டியது, உழவு இயந்திரமும் லொறியும் ஓட்டியது, மாடுகளுக்குக் குறி சுட்டது, தடுப்பூசி போட்டது எல்லாம் ஐரின். பிரிந்தபோது பண்ணையில் பங்கு கேட்டார். எந்தப் பண்ணைக்காரரின் மனைவியும் வழக்கமாகச் செய்யும் வேலையைத்தானே செய்தார் என்று விசாரணை நீதிபதி முடிவு செய்தார். 1973இல் கனடிய உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. போரா லாஸ்கின் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். பெண்கள் கொதித்தார்கள். மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை மாற்றின. 1978இல் அல்பேர்ட்டாவில் மணச்சொத்துச் சட்டம் நிறைவேறியது.

அந்தத் தீர்ப்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வேலை நடந்தது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. எல்லா மனைவிகளும் செய்வதால் அது எண்ணத் தேவையில்லாத வேலை என்றது. எல்லாரும் செய்வதுதான் அதிகமான வேலை, அதைத்தான் முதலில் எண்ண வேண்டும் என்று சொல்ல ஐந்து நீதிபதிகளில் ஒருவர்தான் இருந்தார்.

*

எங்கள் வீட்டை 2003இல் வாங்கினோம். நான் அப்போது கர்ப்பமாக, வேலையில்லாமல் இருந்தேன். உறுதி கணவரின் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. 2017இல் அவர் பின்வளவில் இரண்டு கார் நிற்கும் கராஜ் கட்டத் திட்டமிட்டார். அவர் டக்சி ஓட்டுபவர். மைனஸ் முப்பதில் அதிகாலை நான்கு மணிக்குக் காரின் கண்ணாடிப் பனியைச் சுரண்டுபவருக்கு கராஜ் ஆடம்பரம் இல்லை. ஆனால் எங்கள் வளவில் பின் ஒழுங்கை தெற்கே இருக்கிறது. அங்கே வளவின் முழு அகலத்துக்கும் கட்டிடம் எழும்பினால் பாதித் தோட்டம் அதன் அடியில் போகும், மீதிப் பாதி அதன் நிழலில் போகும். வரைபடம் வந்த பிறகுதான் அம்மாவும் நானும் அதைப் பார்த்தோம்.

"உமக்கென்ன விசரே? கடையிலை கரட் ஒரு பை மூண்டு டொலர்" என்றார் அவர்.

கட்டுவதற்கு வீட்டின்மேல் கடன் எடுக்க வேண்டும். அதற்காகச் சட்டத்தரணியிடம் போனோம். அங்கேதான் எனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. சட்டத்தரணி கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் ஓர் அறைக்குள் கூப்பிட்டார். உறுதியில் பெயர் இல்லாத துணைவரின் சம்மதம் இல்லாமல் குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, அந்தச் சம்மதத்தைத் துணைவர் முன்னிலையில் அல்லாமல் தனியே கேட்டுப் பெற வேண்டும் என்பது அல்பேர்ட்டாச் சட்டம் என்றார். 1917இல் மனைவிகளின் பாதுகாப்புக்காக வந்த சட்டம். பின்னர் கணவன்மாருக்கும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. என் உரிமை என்ன என்று விளங்கப்படுத்திவிட்டு, வற்புறுத்தலின்றி, என் சொந்த விருப்பத்தில் சம்மதிக்கிறேனா என்று கேட்டார்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒரு நிலத்தைப் பற்றி, கதவைச் சாத்திவிட்டு, உனக்கு விருப்பமா என்று என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா காத்திருந்த நான்கு மாதங்கள் நினைவுக்கு வந்தன. அங்கே அவருடைய காணிக்கு அப்பாவின் கையெழுத்து. இங்கே கணவரின் வீட்டுக்கு என்னுடையது.

"இண்டைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று கிழமை வீட்டில் பேச்சு இல்லை. உறவினர் தொலைபேசியில் புத்தி சொன்னார்கள். கரட்டுக்காகக் குடும்பத்தைக் கெடுக்கிறாள் என்ற கதையும் வந்தது. அம்மா வாயே திறக்கவில்லை. அவர் இந்த வீட்டில் 'தங்கியிருப்பவர்', மருமகனோடு பேச்சு வளர்க்க முடியாது. ஒருநாள் இரவு அவர் தன் கொப்பியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். நான் அதுவரை அதைத் திறந்து பார்த்ததில்லை. சமையலறைத் தராசில் நிறுத்து எழுதியிருந்தார். 2016இல் மட்டும் உருளைக்கிழங்கு 43 கிலோ, கரட் 22, தக்காளி 27, போஞ்சி 11, பட்டாணி 9, உள்ளி 140 பூடு. கேல் கீரைக்கு நிறை இல்லை, 'பிடி 212' என்று இருந்தது. யாருக்குக் கொடுத்தது என்ற பட்டியல் தனியே.

கணவர் அதை முழுக்க வாசித்தார். அடுத்த நாள் வேறு ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு கார் நிக்கிற அளவுக்குக் கட்டினால் எவ்வளவு மிஞ்சும்?"

அம்மாவும் நானும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனோம். நாலு மீற்றர் உயரக் கட்டிடத்தின் நிழல் யூன் மத்தியானத்தில் இரண்டு மீற்றர்தான் விழும். செப்ரெம்பர் நடுவில் நாலரை மீற்றர். தென்மேற்கு மூலையில் ஒற்றைக் கராஜ் என்றால் காலை வெயில் முழுதாகக் கிடைக்கும். அப்படித்தான் கட்டினோம். நான் கையெழுத்திட்டேன். ஆனால் அதற்கு முன் உறுதியில் என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன், சேர்த்தார். இரண்டு பாத்திகள் போயின. பிற்பகல் நிழல் விழும் பாத்தியில் தக்காளி வராது, மல்லியும் லெட்டூஸும் வெந்தயக்கீரையும் வரும். வெயில் கூடினால் சீக்கிரம் பூத்துவிடும் அந்தக் கீரைகளுக்கு நிழல் நல்லதுதான். எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். கடன் இன்னும் இருக்கிறது. 'இண்டைக்கு இல்லை' என்ற சொல்லும் எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த வசந்தத்தில் பாத்தி கொத்த அவர் வந்தார்.

*

2020 யூன் 13 மாலை கல்கரியின் வடகிழக்கில் ஆலங்கட்டி மழை கொட்டியது. வீட்டுச் சுவர்களின் தகடுகள் கிழிந்தன, கார்க் கண்ணாடிகள் நொறுங்கின. காப்புறுதி நிறுவனங்கள் நூறு கோடி டொலருக்கு மேல் கொடுத்தன. கணவரின் கார் கராஜுக்குள் இருந்ததால் தப்பியது, அதையும் எழுத வேண்டும். எங்கள் தக்காளி நாற்றுகள் தண்டு மட்டும் ஆயின. மூன்று மாத வளர்ப்பு, பத்து நிமிடம். அந்த இழப்பைக் கேட்க எந்த மதிப்பீட்டாளரும் வரவில்லை.

அம்மா இரண்டு நாள் மண் காயவிட்டார். பிறகு எது பிழைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். உருளைக்கிழங்கு அடியிலிருந்து திரும்ப முளைக்கும். கேல் கீரையின் குருத்து உயிரோடு இருந்தது. உள்ளியின் இலை கிழிந்தாலும் பூடு மண்ணுக்குள் பத்திரம். போஞ்சி மட்டும் புதிதாகப் போட வேண்டும். யூன் 16இல் விதைத்த செடிப்போஞ்சியை ஓகஸ்ட் நடுவில் ஆய்ந்தோம். இந்தக் குறுகிய பருவத்தில் ஒரே பயிரை நம்பாமல் பல பயிரை வைப்பதன் பலன் அன்றைக்குத் தெரிந்தது.

அந்த ஆண்டிலிருந்து கொப்பியில் இன்னொரு நிரலை நான் சேர்த்தேன்: மணித்தியாலங்கள். அம்மா முதலில் சிரித்தார். "நேரத்தையும் நிறுக்கப் போறியோ?" மார்ச்சில் கிழமைக்கு நாலு மணித்தியாலம், மேயில் பதினெட்டு, செப்ரெம்பரில் பதப்படுத்தல் உட்பட இருபது. நியூசிலாந்தின் மரிலின் வேரிங் 1988இல் எழுதிய நூல் கேட்டதும் இதைத்தான்: நாடுகளின் கணக்கில் பெண்களின் கூலியில்லா வேலை ஏன் இல்லை? ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறைமை, வீட்டுக்கென்று விளைவித்த உருளைக்கிழங்கைக் கொள்கையளவில் உற்பத்தி என்று ஏற்கிறது. அதே கிழங்கை உரித்துச் சமைப்பதை ஏற்பதில்லை. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். "உரிக்காமல் எப்படித் தின்னுறது?" என்று கேட்டார்.

இந்தத் தொகுப்பை வாசிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது இரண்டு சின்ன விஷயங்கள். நீங்கள் வாழும் வீட்டின் உறுதியில் யார் பெயர் இருக்கிறது, அதை விற்க யாருடைய கையெழுத்து வேண்டும் என்று தேடிப் பாருங்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு, உங்கள் ஊர்ச் சட்டம் உங்கள் தாய்க்கு என்ன சொல்கிறது என்பதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு கொப்பி வாங்குங்கள். தாய் செய்யும் வேலையில் ஒன்றை, ஒரே ஒன்றை, ஓர் ஆண்டுக்கு எழுதிவையுங்கள்.

அம்மாவுக்கு 2021இல் பத்து ஆண்டு முடிந்து ஓய்வூதியம் வந்தது. முதல் மாதப் பணத்தில் ஒரு நல்ல மண்வெட்டியும் எனக்கொரு சோடிக் கையுறையும் வாங்கினார். இப்போது ஒக்ரோபர். மண் இறுகுவதற்குள் உள்ளியை நட வேண்டும். இரண்டு அங்குல ஆழம், ஒரு சாண் இடைவெளி, மேலே தடிப்பாக வைக்கோல். குளிர்காலத்தின் நடுவில் சினூக் காற்று வந்து ஒரே நாளில் மண்ணை இளக்கிவிட்டு மறுநாள் மீண்டும் உறையவைக்கும், வைக்கோல் இல்லாவிட்டால் உள்ளி மேலே தள்ளப்பட்டுவிடும். பல்லுகளைப் பிரித்து அம்மா ஒரு சுளகில் வைத்திருக்கிறார். நூற்றெண்பது இருக்கிறது என்கிறார். கொப்பியில் எழுதியாகிவிட்டது.